வாடாத கோடு

குருவைவிடச் சீடருக்கு வயது அதிகம்.

நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்ற பிறகுதான் சண்முகவடிவு, இஸ்ரவேலிடம் பாடம் கேட்க வந்தாள். வானத்திலிருந்து எடுத்த படங்களைப் பார்த்து, பல நூறு ஆண்டுகளுக்கு முன் புதைந்துபோன வயல்களைக் கண்டுபிடிப்பவன் அவன். அவளை எப்போதும் "அக்கா" என்பான். அவள் பிரியமாக இருந்தால் "தம்பி" என்பாள், கோபம் வந்தால் "வாத்தியாரே".

முதல் நாளே கேட்டாள்.

"மண்ணுக்கு அடியில இருக்கிறது மேல எப்படித் தம்பி தெரியும்?"

"பயிர் வாடணும் அக்கா. பழைய வாய்க்கால் தூர்ந்துபோன இடத்துல ஈரம் தங்கும். அதுக்கு மேல நிக்கிற பயிர் மட்டும் கடைசியா வாடும். மேலேயிருந்து பார்த்தா பச்சைக் கோடாத் தெரியும்."

அதன்பிறகு எத்தனையோ படங்கள். கோடு என்று அவள் காட்டியதெல்லாம் வண்டித் தடமாகவும், குழாய் பதித்த இடமாகவுமே முடிந்தது. "இதுவும் பைப்புதானா?" என்று கேட்டுக் கேட்டு அவளுக்கே அலுத்துவிட்டது.

இந்தக் கோடையில் மழை இல்லை. சண்முகவடிவின் ஊர்க்காரி செல்லத்தாயின் சோளக்காட்டை ட்ரோன் வைத்து எடுத்த படத்தில், இன்றைய வரப்புகளைச் சட்டை செய்யாமல், சாய்வாக, கட்டம் கட்டமாக ஏதோ மங்கித் தெரிந்தது. இஸ்ரவேல் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பைப்பு இல்லை அக்கா" என்றான்.

அவள் அழுதுவிட்டாள்.

"அதுக்குள்ள அழாதீங்க. இந்த மங்கலை வச்சு யாரும் நம்ப மாட்டாங்க. இன்னும் கொஞ்சம் காயட்டும். வெள்ளிக்கிழமை ட்ரோன் வரும், மறுபடி எடுப்போம்."

அன்றிலிருந்து சண்முகவடிவுக்குச் சோறு இறங்கவில்லை. கிழக்கே ஒரு துண்டு மேகம் தெரிந்தாலும் வாசலுக்கு ஓடி வந்து அண்ணாந்து பார்த்தாள். வெள்ளிக்கிழமை வரை மழை பெய்யாதிருந்தால் பொங்கல் வைப்பதாக மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். கண்ணைத் திறந்தால் பக்கத்தில் செல்லத்தாய் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறாள்.

"மதினியும் மழைக்குத்தான் வேண்டிக்கிட்டீகளா?"

"மழையைப் பத்தித்தான்" என்று சொல்லிவிட்டு வேகமாக வெளியே வந்தாள்.

வியாழக்கிழமை காலையில் அவளும் இஸ்ரவேலும் காட்டுக்குப் போனார்கள். சோளத் தோகைகள் சுருண்டு ஈர்க்குச்சியாக நின்றன. செல்லத்தாய் மோட்டாரைப் போடாமல் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தாள். அவர்களுக்காகத் தூக்குச்சட்டியில் கூழ் கொண்டுவந்திருந்தாள்.

"பொதுக் கிணறு. இன்னைக்கு என் முறை" என்றாள். "தண்ணி பாய்ச்சினா காடு முழுக்க ஒரே பச்சையாயிரும், கோடு மறைஞ்சு போகும்னு தம்பி சொன்னீகளே. அடுத்த முறைக்குப் பாய்ச்சிக்கிடுதேன்."

"நாளைக்கு மாத்திக்கிட முடியாதா?" சண்முகவடிவு அவசரமாகக் கேட்டாள்.

"நாளைக்கு முறைக்காரன் காடும்தான காயுது. அவன் எப்படி விடுவான்? எனக்கு இனி எட்டு நாள் ஆகும்."

"அதுவரை தாங்குமா?" என்றான் இஸ்ரவேல்.

செல்லத்தாய் பயிரைப் பார்த்தாள். "கதிர் வாங்குற நேரம். பாதி மணி பிடிக்காமப் பொக்காப் போகும். போனாப் போகுது. மதினி முகத்தைப் பாருங்க. அடைக்கோழி மாதிரில்லா அந்தப் படத்தைக் கட்டிக்கிட்டு அலையுதாக!"

வேண்டாம் என்று சொல்லத்தான் சண்முகவடிவு வாயெடுத்தாள். கூழை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

இஸ்ரவேல் வேட்டியை மடித்துக் கட்டினான். தானே போய் மோட்டாரைப் போட்டான். மண்வெட்டியை எடுத்து முதல் மடையை வெட்டிவிட்டான். வெடித்துக் கிடந்த கரிசல் மண், தண்ணீரைச் சத்தம் போட்டுக் குடித்தது.

"வாத்தியாரே!"

சண்முகவடிவு கூழ்ச்சட்டியோடு மடைக்கு ஓடி வந்தாள்.

"ஒரே நாள்! ஒரு நாள் பொறுக்கக் கூடாதா? இனி எந்த வருஷம் இப்படிக் காயுமோ, அதுவரைக்கும் நான் இருப்பேனோ மாட்டேனோ. எத்தனை தலைமுறைக்கு முந்தி எவனோ வெட்டின வாய்க்கால். அது ஒருதரம் கண்ணுல தெரிய வந்துச்சு. நீங்களே மறைக்கிறீங்களே!"

இஸ்ரவேல் மண்வெட்டியை அவளிடம் நீட்டினான்.

"அவன் அதை எதுக்கு அக்கா வெட்டினான்?"

சண்முகவடிவு சட்டியைக் கீழே வைத்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மண்வெட்டியோடு அடுத்த மடைக்கு நடந்தாள்.