வயிறு பேச்சை விட்ட கதை

ஆடு மாடெல்லாம் வாய் திறந்து நியாயம் கேட்ட அந்தக் காலத்தில், மனிதனின் வயிற்றுக்கும் சொந்தமாக ஒரு குரல் இருந்தது. பசித்தால் 'பசிக்கிறது' என்று சொல்லும். நிறைந்தால் 'போதும்' என்று சொல்லும். கேட்டு நடந்தவர்களுக்கு ஒரு தொல்லையும் இல்லை. கேட்காத மனுஷனோடு காலம் தள்ளிய வயிறு ஒன்று இருந்தது பாருங்கள், அது பட்ட பாடுதான் இந்தக் கதை.

அது ஆவுடையப்பனின் வயிறு. பொறுமைசாலிதான், ஆனால் எத்தனை தடவைதான் சொல்லும்? "மென்னு முழுங்கும்வே, எனக்கென்ன பல்லா இருக்கு?" என்று கேட்கும். அவர் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார். பலாச்சுளையை ஒரு கை பார்த்துவிட்டு, அதன்மேல் ஒரு செம்புத் தண்ணீரையும் கவிழ்ப்பார். அடித்துக்கொள்ளத் தனக்கொரு தலைகூட இல்லையே என்று வயிறு நொந்துகொள்ளும்.

ஒருநாள் அவருடைய மகள் பேச்சியைக் கட்டிக்கொடுத்த வீட்டில் முதல் விருந்துக்கு அழைத்தார்கள். இலையில் மிச்சம் வைத்தால் மரியாதை இல்லை என்று மனுஷன் காலையிலிருந்தே பட்டினி.

"இப்படிக் காயப்போட்டுட்டு, அப்புறம் மூட்டையா கொண்டாந்து தள்ளாதேயும்வே" என்றது வயிறு.

"சும்மா கெடடே. கொஞ்சமாத் தின்னா சம்பந்தி வீட்டுல மதிக்கமாட்டாவ."

இலை போட்டார்கள். பேச்சி தன் கையால் சொதி வைத்திருந்தாள். புகுந்த வீட்டில் அவள் வைத்த முதல் குழம்பு. அன்றைய வெயிலுக்குத் தேங்காய்ப்பால் திரிந்துபோயிருந்தது. பந்தியில் முதலில் அவர் இலையில்தான் அதை ஊற்றினார்கள். முதல் வாய் உள்ளே இறங்கியதுமே வயிறு அலறியது: "வே, சொதி கெட்டுப் போச்சு! இலைய மூடும்!"

பந்தி முழுக்கக் கேட்டுவிட்டது. பரிமாறிக்கொண்டிருந்த சம்பந்தியம்மாளின் கரண்டி அப்படியே நின்றது. "புது மருமவ கைப்பக்குவம் இவ்வளவுதானா?" என்று யாரோ முணுமுணுத்தார்கள். கதவோரம் நின்ற பேச்சியின் கண்கள் நிறைந்துவிட்டன.

மகள் முகத்தைப் பார்த்த ஆவுடையப்பன் வயிற்றில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "வாய மூடுடே! எம்மவ தலைமேல ஆணை. இனி நீ ஒத்த வார்த்த பேசினா, அந்தப் பாவம் அவளத்தான் சேரும்." பிறகு சம்பந்தியம்மாளைப் பார்த்து இளித்தார். "அது கெடக்கு கழுதை! சொதி தேவாமிர்தம் தங்கச்சி, இன்னும் ரெண்டு கரண்டி ஊத்துங்க."

வயிற்றுக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. நல்லது சொன்னதற்கு இதுவா கூலி? ஆனால் பேச்சி கைக்குழந்தையாக இருந்தபோது குப்புறப் படுத்துத் தூங்கியதெல்லாம் இந்த வயிற்றின்மேல்தான். அவளுக்கு ஒன்று என்றால் அது தாங்குமா? இரண்டு கரண்டிச் சொதியையும் வாங்கிக்கொண்டது. சொல்ல வந்ததையும் விழுங்கிக்கொண்டது. பேச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

வீடு திரும்பும் வழியில், உள்ளே போன சொதி தன் வேலையைக் காட்டியது. சொல்லி அழவும் வழியில்லாத வயிறு, ஈர வேட்டியைப் பிழிவதுபோலத் தன்னைத்தானே முறுக்கிக்கொண்டது. ஆவுடையப்பன் வரப்பில் சுருண்டு விழுந்தார்.

"என்னடே செய்யுது உனக்கு? வாயத் தொறந்து சொல்லித் தொலையேன்! அந்த ஆணைய நான் திருப்பி எடுத்துக்கிடுதேன்!"

பெற்ற மகள் தலைமேல் இட்ட ஆணை, எடுக்கவும் வைக்கவும் அதென்ன துண்டா? அவரை நம்பிப் பேச வயிறு துணியவில்லை. இன்னொரு முறுக்கு முறுக்கியது. சேதி கேள்விப்பட்ட மற்ற வயிறுகளும், இத்தனை காலம் பேசி என்னத்தைக் கண்டோம் என்று வெறுத்துப்போய் ஒவ்வொன்றாக வாயை மூடிக்கொண்டன.

அன்றைக்கு விட்ட பேச்சுதான். அவசரமாக அள்ளிப் போட்டாலும், பட்டினி போட்டாலும், கெட்டுப்போனதைத் தின்றாலும் வயிறு முறுக்குமே தவிர ஒரு வார்த்தை சொல்லாது. நாமும் அன்றிலிருந்துதான், அதைக் கையால் பிடித்துக்கொண்டு, "அப்படி என்னத்தத் தின்னுட்டேன்?" என்று அதனிடமே கேட்டுக்கொண்டிருக்கிறோம்.