விருந்துக்கு வராத மூஞ்சூறு

நகரத்தின் நடுவில் ஓர் ஓடை ஓடியது. ஓடியது என்பதே பெரிய வார்த்தை. சாக்கடையும் சாயமும் கலந்து, கறுத்து, நகர மனமில்லாமல் கிடந்தது. அதன் கரையில் ஒரு கானாங்கோழி வாழ்ந்தது. கறுப்பு முதுகு, வெள்ளை நெஞ்சு, குட்டை வால். அந்த வாலை ஆட்டிக்கொண்டேதான் அது நடக்கும்.

கானாங்கோழிக் குஞ்சு முட்டையை விட்டு வெளியே வந்ததும் தண்ணீரைத்தான் தேடும். அது அதன் பிறவிக் குணம். போன பருவத்தில் பொரித்த குஞ்சுகளும் அப்படியே இறங்கின. ஒன்றுகூடக் கரையேறவில்லை.

கானாங்கோழி அன்று முழுவதும் அழுதது. மறுநாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்த ஓடை சுத்தமாகாம நான் இனி முட்டை போட மாட்டேன்!" என்றது.

காகம் சிரித்தது. "நீ இருக்கறது ஒரு பிடி. ஓடை எவ்வளவு நீளம் தெரியுமா?"

"தெரியும். நீயும் வந்தா அதுல பாதி நீளம்!"

காகம் சிரிப்பை விட்டுவிட்டு இறங்கி வந்து சேர்ந்தது. காகம் வந்ததும் அதன் கூட்டமும் எருமையும் வந்தன. அந்தச் சமயம் பார்த்து, மேலே மனிதர்களும் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். ஓடையில் விழுந்த சாக்கடை, சாயக் குழாய்களைச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் திருப்பிவிட்டார்கள். மீதி வேலை விலங்குகளுடையது.

வேலை என்று ஒன்று தொடங்கினால் அதற்குத் தலைவர் ஒருவர் வந்துவிடுவார் அல்லவா? இங்கே கொக்கு வந்தது. ஒற்றைக் காலில் நின்று, வெள்ளை இறகில் ஒரு பொட்டுச் சேறு படாமல், "அதை எடு! இதைத் தள்ளு!" என்று உத்தரவு போட்டது. காகங்கள் பாலித்தீன் பைகளைப் பொறுக்கின. எருமை ஆகாயத் தாமரையை வேரோடு பிடுங்கியது. அடியில் தேங்கிய கருஞ்சேற்றைக் கொம்பால் தோண்டியது.

"தலைவரே, இந்தச் சேத்தை எங்க போடறது?" என்று கேட்டது எருமை.

கொக்கு அலகை நீட்டிக் காட்டியது. "கீழ்க்கரைப் பள்ளத்துல கொட்டு! அங்க யாரும் இல்ல!"

எருமை கொட்டியது. சேறு மலையாகக் குவிந்தது. ஓடையில் தண்ணீர் தெளிந்தது. மீன்கூட வந்துவிட்டது.

அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. பொதுவேலை முடிந்தால் விருந்து நடக்கும். தலைவர் எழுந்து, "எல்லாரும் நலமா?" என்று மூன்று முறை கேட்பார். கூட்டம் மூன்று முறையும் "நலமே!" என்று கத்தினால் பேச்சு முடிந்தது. அதன் பிறகு யாரும் குறை சொல்லக் கூடாது.

விருந்துக்கு நாள் குறித்தார்கள். கானாங்கோழியின் வயிற்றிலோ முட்டை கனத்தது. வெறும் "நலமே" கூச்சல் அதற்குப் போதாது.

"தலைவரே, நான் ஒவ்வொரு வீடா போய் உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டுட்டு வரேன்" என்றது.

"எதுக்கு? தண்ணியப் பாரு. என் முகம் தெரியுது!"

"முகம் தெரியுது தலைவரே. குடிச்சவங்க வயித்துக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரியலையே!"

சொல்லிவிட்டு வாலை ஆட்டிக்கொண்டு கிளம்பியது.

தவளை, "என் முதுகுச் சொறி போயே போச்சு!" என்று குதித்துக் காட்டியது. ஆமையின் கண்ணில் பீளை கட்டுவது நின்றிருந்தது. "இப்பத்தான் என் பேரப்பிள்ளைங்க முகத்தையே பார்க்கறேன்" என்றது. நாய் வீட்டில் குட்டிகள் வாந்தி எடுப்பதை மறந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தன. கானாங்கோழிக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. உழைத்த உழைப்பு வீண் போகவில்லை!

கடைசியாகக் கீழ்க்கரை. அங்கே சுவர் ஓட்டையில் ஒரு மூஞ்சூறுக் குடும்பம் இருப்பதாகக் கேள்வி. பாதி வழியிலேயே நாற்றம் மூக்கைத் துளைத்தது. கானாங்கோழி நின்றது.

"மூஞ்சூறு வீடுன்னா நாறத்தானே செய்யும்! இதுல கேட்க என்ன இருக்கு?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரும்பியது.

கொஞ்ச தூரம் வந்தது. மனசு உறுத்தியது. ஒவ்வொரு வீடும் என்று தலைவரிடம் வாய் கிழியச் சொன்னது யார்? நம் கானாங்கோழிதான். பிறகென்ன, வெட்கத்தோடு மறுபடி திரும்பி நடந்தது.

போய்ப் பார்த்தால், ஓட்டை வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது சேற்று மேடு! மேற்புறம் வெயிலில் காய்ந்து, காற்று அடிக்கும்போதெல்லாம் கரும்புழுதி பறந்தது. அடியிலிருந்து கசிந்த கறுப்பு நீர் பக்கத்துக் குட்டையில் இறங்கியது. அந்தக் குட்டையைத் தவிர மூஞ்சூறுக்குக் குடிநீர் கிடையாது. தாய் மூஞ்சூறு இருமிக்கொண்டே வெளியே வந்தது.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?"

"எனக்குப் பரவாயில்ல கோழியம்மா. மூணு பிள்ளைங்கள்ல ரெண்டு போயிடுச்சு. மிச்சம் இருக்கற ஒண்ணும் மூச்சு விட முடியாம கிடக்கு. முன்னே அழுக்கு ஓடையில இருந்துச்சு. இப்ப வாசலுக்கே வந்துடுச்சு."

"ஐயோ! ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"யாரும்மா வந்து கேட்டாங்க? எங்களைப் பார்த்தாலே மூக்கைப் பொத்திக்கறாங்க. சேத்து நாத்தம்னு சொன்னா, உன் நாத்தம்தான் அதுன்னு சொல்லுவாங்க."

கானாங்கோழிக்குக் கோபம் பொங்கியது. கொக்கின் மேல் பாதி, தன் மேல் பாதி. நேராகக் கொக்கிடம் போய் நடந்ததைச் சொன்னது.

கொக்கு சுற்றும் முற்றும் பார்த்தது. குரலைத் தாழ்த்தியது. "இதோ பாரு, நீ கீழ்க்கரைக் கோரைப்புல்லுலதானே கூடு கட்டுவ? அங்க வேணாம். மேல்கரையில நல்ல தாழம்புதர் இருக்கு. உனக்கே தரேன். தண்ணி மேலேருந்து கீழதானே போகும், உன் குஞ்சுக்கு ஒண்ணும் ஆகாது. விருந்துல மட்டும் வாயத் திறக்காதே!"

கானாங்கோழி ஒரு நொடி அந்தப் புதரைப் பார்த்தது. பொய் சொல்லக் கூடாது, ஆசையாகத்தான் பார்த்தது. பிறகு தலையை நிமிர்த்தியது. "என் குஞ்சுங்க செத்தப்பவும், எங்க வீட்டுல ஒண்ணும் ஆகலையேன்னுதான் எல்லாரும் இருந்தீங்க. நானும் அப்படி இருக்க மாட்டேன்!"

விருந்து நாள் வந்தது. இலை போட்டாயிற்று. கொக்கு எழுந்து, "எல்லாரும் நலமா?" என்றது. "நலமே!" என்று கூட்டம் கத்தியது. இரண்டாம் முறையும் கத்தியது. மூன்றாம் முறை கேட்பதற்குள் கானாங்கோழி நடுவில் வந்து நின்றது.

"நலமில்ல!"

கூட்டம் திடுக்கிட்டது. "நல்ல நாளும் அதுவுமா என்ன அபசகுனம்!" என்று சீறியது கொக்கு.

"தவளையோட சொறி போச்சு. அது உண்மை. ஆமைக்குக் கண்ணு தெரியுது. அதுவும் உண்மை. மூஞ்சூறு வீட்டுல ரெண்டு பிள்ளை செத்துப் போச்சு. இதுவும் உண்மைதான்! இதை மட்டும் சொன்னா அபசகுனமா?"

"அப்படின்னா மூஞ்சூறு எங்கே? அது வந்து சொல்லட்டும்!"

"எழுந்து வர முடிஞ்சா அது ஏன் நலமில்லாம இருக்கு?" கானாங்கோழி கூட்டத்தைப் பார்த்துத் திரும்பியது. "இலையை எடுங்க. விருந்தை மூஞ்சூறு வாசல்ல வச்சுக்கலாம். அங்க உட்கார்ந்து சாப்பிட்டுட்டு, நலமே, நலமேன்னு கத்துவோம்!"

முதலில் யாரும் அசையவில்லை. பிறகு எருமை எழுந்தது. எருமை எழுந்தால் மற்றவை உட்கார்ந்திருக்க முடியுமா? எல்லாம் பின்னால் போயின.

சேற்று மேட்டின் அடியில் இலை போட்டார்கள். போட்ட நிமிடமே சோற்றின் மேல் புழுதி படிந்தது. தவளை ஒரு வாய் வைத்து இருமியது. நாய் இலையை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. கொக்கு எட்டத்தில் நின்று, "எனக்குப் பசி இல்ல" என்றது.

"பசி இல்லையா, இங்க வர மனசு இல்லையா?" என்று கேட்டது எருமை.

அப்போது தாய் மூஞ்சூறு தன் பிள்ளையை வாயில் கவ்விக்கொண்டு வெளியே வந்தது. பிள்ளையின் விலா ஏறி ஏறி இறங்கியது. எருமை தலையைத் தரைவரை தாழ்த்தியது.

"அம்மா, நான்தான் கொட்டினேன். யாரும் இல்லைன்னு தலைவர் சொன்னார். நானும் எட்டிப் பார்க்கல. மன்னிச்சிடு."

"இப்பவே இந்தச் சேத்தைத் தூக்கி அந்தப் பாறைகளுக்கு அப்பால போட்டுடலாம்!" என்றது காகம். "ஆமா, ஆமா!" என்று எல்லாம் கிளம்பின.

கானாங்கோழி வழியை மறித்தது. "அந்தப் பாறைகளுக்கு அப்பால யார் இருக்காங்க?"

காகம் விழித்தது. "பார்க்கலையே!"

"பறந்துகிட்டே பார்க்காதே. இறங்கி, கூப்பிட்டுப் பாரு!"

காகம் போய் இறங்கிக் கூப்பிட்டது. கல்லுக்குக் கல் ஓணான் எட்டிப் பார்த்தது! நல்லவேளை. இந்தப் பக்கத்துக் குப்பையைக் கூட்டி அடுத்த வீட்டு வாசலில் தள்ளுவது சுத்தமா? கடைசியில், கைவிட்ட செங்கல் சூளைக் குழி ஒன்று அகப்பட்டது. இறுகிய களிமண் தரை. உள்ளே ஒரு பூச்சியும் குடியில்லை. பக்கத்தில் ஊற்றும் இல்லை. சேற்றை அதில் கொட்டி, மேலே மண் மூடுவது என்று முடிவானது.

கானாங்கோழி அதற்குள் முட்டையிட்டுவிட்டது. எங்கே? மேல்கரைப் புதரில் அல்ல. சேற்று மேட்டுக்குக் கீழே, அதே கோரைப்புல்லில்!

எருமை பதறியது. "மழை வந்தா இந்தச் சேறு உன் கூட்டுக்குத்தான் வரும்! மேல்கரைக்குப் போயிருக்கக் கூடாதா?"

"நான் மேல்கரைக்குப் போனா, நீங்க எல்லாரும் வீட்டுக்குப் போயிடுவீங்க. முட்டை பொரியறதுக்குள்ள மேடு போகணும். நடங்க!"

அதன் பிறகு யாருக்குச் சோம்பல் வரும்? எருமை வெயிலில் சேறு சுமந்தது. தோல் உரிந்தும் நிற்கவில்லை. நாய்கள் குழியை மூட மண்ணைப் பறித்தன. தவளைகள் குட்டையின் கறுப்பு நீருக்கு வாய்க்கால் வெட்டி அதையும் குழியில் விட்டன. காகங்கள் ஓடையிலிருந்து நல்ல தண்ணீரை இலையில் மொண்டு மூஞ்சூறு வீட்டுக்குக் கொண்டுவந்தன. ஒருநாள் கொக்கும் வந்தது. யாரையும் பார்க்காமல், ஒரு அலகு சேற்றை எடுத்துக்கொண்டு நடந்தது. ஒரு அலகுதான். இருந்தாலும் சேறு சேறுதானே!

மேடு கரைந்தது. அடித்தரையையும் சுரண்டி எடுத்தார்கள். கடைசிச் சுமை போன கையோடு வானம் இருண்டு மழை கொட்டியது. கானாங்கோழி சிறகை விரித்து முட்டைகளை மூடிக்கொண்டு, பாய்ந்து வந்த நீரை உற்றுப் பார்த்தது. நீர் செம்மண் நிறத்தில் ஓடியது. கருமை இல்லை.

அப்போதும் அது நம்பிவிடவில்லை. மழை விட்டதும் காகத்தைக் கூடு காக்கச் சொல்லிவிட்டு, மறுபடி வீடு வீடாகப் போனது. இந்த முறை முதல் வீடு மூஞ்சூறுடையது. அதன் பிள்ளை படுக்கையை விட்டு எழுந்து, பசிக்கிறது என்று அழுதுகொண்டிருந்தது. தாய் மூஞ்சூறு சிரித்தது. "இந்த அழுகையைக் கேட்டு எத்தனை நாளாச்சு கோழியம்மா!"

ஒரு காலையில் முட்டைகள் பொரிந்தன. கறுப்புப் பஞ்சு போன்ற குஞ்சுகள் கூட்டை விட்டு உருண்டன. நேராகத் தண்ணீரைத் தேடிப் போயின. கரை முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. குஞ்சுகள் இறங்கின, முழுகின, நீந்தின. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக, எல்லாமே கரையேறின. கானாங்கோழி அவற்றின் ஈரத்தை அலகால் துடைத்துவிட்டு அழுதது. பக்கத்தில் நின்ற மூஞ்சூறும் தன் ஒற்றைப் பிள்ளையை அணைத்துக்கொண்டு அழுதது.

ஊர் நலமா என்று அறிய, விருந்துக்கு வந்தவரைக் கேட்டால் போதாது; வர முடியாதவரின் வாசலுக்குப் போய்க் கேட்க வேண்டும்.