பொங்கலாகப் போன மன்னர்

செங்குன்றூரை ஆண்ட இளவழுதி மன்னருக்குக் காலையில் வெண்பொங்கல் சாப்பிட்டால்தான் பொழுது விடிந்த மாதிரி. ஆனால் அதைச் சூடாகச் சாப்பிட்டுப் பல வருஷம் ஆகிவிட்டது. மேலே ஊற்றிய நெய் உறைந்து, கட்டியாகப் பெயர்ந்து வரும்.

ஒருநாள் அவர் பொறுமை இழந்தார். மூன்று நாளில் பொங்கல் ஆவி பறக்க வராவிட்டால் மடைப்பள்ளி ஆட்கள் பதினொரு பேரும் ஊரைவிட்டே போக வேண்டும் என்று உத்தரவு போட்டார். மடைப்பள்ளி கலங்கிப்போனது. அரண்மனைக் காரியக்காரர் வீரபத்திரர் மட்டும் கலங்கவில்லை. பொங்கல் ஆறாமல் பார்த்துக்கொள்ளப் புதிதாக ஒரு கண்காணிப்பாளரை நியமித்தார். அவர் வாசலுக்கு வாசல் மூடியைத் திறந்து, சூடு இருக்கிறதா என்று பார்த்தார். அன்றைக்குப் பொங்கல் இன்னும் சில்லென்று வந்தது.

அவையில் மருதப்பர் என்று ஒரு குறும்புக்காரர் இருந்தார். பொங்கல் பானை சுமக்கும் வேலம்மை அவரிடம் வந்து அழுதாள். அவளிடம் நாலு கேள்வி கேட்டுவிட்டு மருதப்பர் நேரே மன்னரிடம் போனார்.

"மன்னா, ஏன் ஆறுகிறது என்று பொங்கலுக்குத்தான் தெரியும். அது பேசாது. அதனால் நாளைக் காலை நீங்களே பொங்கலாக இருக்க வேண்டும்."

"காரியக்காரர் என்னவாக இருப்பார்?"

"மூடியாக வரட்டும்."

மன்னருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சரி என்றார்.

மறுநாள் மன்னர் மடைப்பள்ளியிலிருந்து கிளம்பினார். அவர் தலைக்கு மேல் ஒரு தாம்பாளத்தைப் பிடித்தபடி வீரபத்திரர் பின்னால் நடந்தார். பொங்கலுக்குச் செய்வதையெல்லாம் மன்னருக்கும் செய்ய வேண்டும் என்று ஏற்பாடு. முதல் வாசலில் முத்திரைக்காரர் மன்னரின் தலைப்பாகையில் அரக்கு முத்திரை வைத்தார். இரண்டாம் வாசலில் ருசி பார்ப்பவர் அந்த முத்திரையை உடைத்தார். எதை ருசி பார்ப்பது என்று தெரியாமல் மன்னரின் கையை முகர்ந்துவிட்டு, உப்பு சரியாக இருக்கிறது என்றார். முத்திரை உடைந்துவிட்டதால் மறுபடி முதல் வாசலுக்குத் திரும்பினார்கள். அடுத்து மிளகு எண்ணுகிறவர் மன்னரின் முத்துமாலையை ஒவ்வொன்றாக எண்ணினார். நடுவில் கணக்கு விட்டுப்போய் மறுபடி ஆரம்பித்தார். நான்காம் வாசலில் சோதிடர், ராகுகாலம் முடியட்டும் என்று நிறுத்தி வைத்தார்.

மன்னரின் வயிறு கூப்பாடு போட்டது. இதெல்லாம் எதற்கு என்று கேட்டால், எல்லோரும் காரியக்காரரைக் கைகாட்டினார்கள்.

"ஒருநாள் மிளகைக் கடித்து முகம் சுளித்தீர்கள் மன்னா. அன்றைக்குப் போட்ட ஆள்தான் மிளகு எண்ணுகிறவர்" என்றார் வீரபத்திரர்.

"ஐயா, அன்றைக்கு எனக்குப் பல்வலி" என்றார் மன்னர்.

சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்து சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. வீரபத்திரருக்குத் தோள் கழன்றுவிடும் போலிருந்தது. மருதப்பர் வேலம்மையை முன்னால் வரச்சொல்லி, தன்னிடம் சொன்னதை மன்னரிடமும் சொல்லச் சொன்னார். மடைப்பள்ளிக்கும் இந்தக் கூடத்துக்கும் நடுவில் இருப்பது ஒரே சுவர்தான், அதில் ஒரு கதவும் உண்டு என்றாள் அவள். எப்போதோ ஒரு பூனை நுழைந்ததால் அதைப் பூட்டிவிட்டார்களாம்.

"அந்தப் பூனை இப்போது எங்கே?"

"அது செத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகுதுங்க."

"இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை?"

"யாரும் கேக்கலீங்களே."

மன்னர் தலைகுனிந்தார். உத்தரவை அங்கேயே திரும்பப் பெற்றுக்கொண்டு, தன் மோதிரத்தைக் கழற்றி வேலம்மைக்குக் கொடுத்தார். வாசல்காரர்கள் தங்கள் வேலை போய்விடுமோ என்று முழித்தார்கள். யாரையும் அனுப்பப் போவதில்லை, யாருக்கு என்ன வேலை என்று காரியக்காரரும் நீங்களும் சேர்ந்து உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள் என்றார் மன்னர். வீரபத்திரர் தாம்பாளத்தைப் போட்டுவிட்டு, தானே சுத்தியலை எடுத்துப் போய்ப் பூட்டை உடைத்தார்.

அடுப்பிலிருந்து பன்னிரண்டே காலடியில் பொங்கல் வந்தது. ருசி பார்ப்பவர் இலைக்குப் பக்கத்திலேயே நின்று ஒரு வாய் பார்த்துத் தலையாட்டினார். பசி தாங்காத மன்னர் பெரிய கவளமாக அள்ளி வாயில் போட்டு, சூடு பொறுக்காமல் நாக்கை வெளியே நீட்டிவிட்டார்.

வீரபத்திரர் பதறிப்போனார். "மன்னா, ஊதிக் கொடுக்க ஓர் ஆள் போடட்டுமா?"

மருதப்பர் கைகூப்பினார். "வேண்டாம் ஐயா. மன்னருக்குச் சொந்தமாக ஒரு வாய் இருக்கிறது. ஊதுகிற வேலையையாவது அதற்கு விட்டுவையுங்கள்."

மன்னர் சிரித்த சிரிப்பில் ஊத முடியவில்லை.