கனகாம்பரம் ஓடாத ஞாயிறு

தஸ்தகீருக்குக் கோவம் மூக்கு நுனியிலதான் இருக்கும். பத்தொம்பது வருஷம் ரேஸ் ஜாக்கியா குதிரை ஓட்டினவர். நாப்பத்தஞ்சு வயசுல ஜாக்கி வேலைய விட்டுட்டு, ட்ரெயினர் லைசென்ஸ் வாங்கறதுக்காக எஸ்தர் மேடம் லாயத்துல உதவியாளாச் சேந்தாரு. மேடம் அவரைவிட ஆறு வயசு சின்னவங்க. அதுவே அவருக்குத் தொண்டையில முள்ளு.

சேந்த அன்னிக்கே மேடம் ஒரு ஸ்டூலைக் காட்டினாங்க.

"பாய், இதைக் கனகாம்பரம் முன்னால போட்டு உக்காருங்க."

"உக்காந்து?"

"பாருங்க."

"எதை?"

"அவளைத்தான்."

கனகாம்பரம் அஞ்சு வயசுப் பெண் குதிரை. அந்தப் பூவோட நிறமேதான். எல்லாரும் குதிரைக்கு வெளிநாட்டுப் பேரா வெக்கிற எடத்துல, ஓனர் கஜேந்திரன் பிடிவாதமா இந்தப் பேரை வெச்சாரு. ரேஸ் புக்குல இந்தப் பேரைப் பாத்துச் சிரிச்சவங்க எல்லாம் அவ ஏழு ரேஸ் ஜெயிச்சதும் வாய மூடிக்கிட்டாங்க.

தஸ்தகீர் ரெண்டு நாள் உக்காந்தாரு. மூணாம் நாள் எந்திரிச்சிட்டாரு.

"மேடம், நான் என்ன பொண்ணு பாக்கவா வந்திருக்கேன்? முந்நூறு ரேஸ் ஜெயிச்சவன் நான். எனக்கு ஸ்டூல் போட்டுக் குதிரை காட்டறீங்களா?"

"முந்நூறு ரேஸ்லயும் குதிரையில என்ன பாத்தீங்க?"

"என்ன பாத்தீங்கன்னா?"

"மேல உக்காந்தா என்ன தெரியும்?"

கொஞ்சம் யோசிச்சாரு. "ரெண்டு காது."

"மூஞ்சி?"

தஸ்தகீர் ஸ்டூலைத் தூக்கிக்கிட்டுத் திரும்பிப் போனாரு. போற வழியில தண்ணி வாளிய ஒரு உதை விட்டாரு. வாளி உருண்டு மேடம் காலடியிலதான் போய் நின்னுச்சு. அவங்க அதை நிமித்தி வெச்சிட்டு அடுத்த குதிரைகிட்ட போயிட்டாங்க.

எட்டு மாசம் போச்சு. தீனித் தொட்டியில மிச்சம் கிடந்தா என்ன அர்த்தம், காலைக் கையால நீவறப்ப எங்க சூடு தெரிஞ்சா எந்த நரம்பு கெட்டிருக்கு, எல்லாம் படிச்சாரு. ஒண்ணையும் சும்மா படிக்கல. ஒவ்வொண்ணுக்கும் ஒரு சண்டை. "இதை எவன் சொன்னான்?" "சொன்னவன் என்னிக்காவது ஓட்டியிருக்கானா?" லாயத்துல வேலை செய்யறவங்க மேடத்துக்கிட்டயே கேட்டாங்க, இந்த ஆளை எப்படிம்மா வெச்சிருக்கீங்கன்னு.

"வெளியேதான் கத்தறாரு, குதிரைகிட்ட கத்தறதில்ல"ன்னாங்க மேடம்.

சீசன் முடியப் போற நேரம். கனகாம்பரத்துக்கு ஒரே ஒரு ரேஸ் பாக்கி. பெரிய கோப்பை. அது முடிஞ்சா அவ குட்டி போடப் பண்ணைக்குப் போயிருவா, அப்புறம் ஓட மாட்டா. கஜேந்திரன் ஒரு சாயங்காலம் தஸ்தகீர் தோள்ல கை போட்டாரு.

"பாய், இவளை ஜெயிக்க வெச்சு அனுப்புங்க. உங்களுக்கு லைசென்ஸ் வந்ததும் இங்க நிக்கற என் ரெண்டு வயசுக் குட்டிங்க ரெண்டையும் உங்ககிட்டயே விட்டுடறேன். வாக்கு."

அன்னிக்கு தஸ்தகீர் வீட்டுக்குப் பிரியாணி வாங்கிட்டுப் போனாரு. ஏன்னா லைசென்ஸ் வெறும் காகிதம். நம்பிக் குதிரைய விட ஒரு ஓனர் வேணும். குதிரை இல்லாத ட்ரெயினர், பஸ் இல்லாத கண்டக்டர்.

காலையில கனகாம்பரத்தை ஓட்டிப் பழக்கறது தஸ்தகீர்தான். ரேஸுக்கு முந்தின திங்கக்கிழமை ஓட்டறப்ப அவருக்கு என்னவோ உறுத்துச்சு.

குதிரை வேகமா ஓடறப்ப ஒரு முன்னங்கால்தான் எப்பவும் முன்ன போய் விழும். வளைவு தாண்டி நேர்ப் பாதைக்கு வந்ததும் அதுவே அடுத்த காலுக்கு மாத்திக்கும். கனமான பையை நாம தோள் மாத்திக்கற மாதிரி. கனகாம்பரமும் மாத்தினா. ஆனா ஒரு எட்டு தள்ளி மாத்தினா, அந்தக் கால்ல பாரம் போடத் தயங்கற மாதிரி.

தஸ்தகீர் யார்கிட்டயும் சொல்லல. நமக்குத்தான் வயசாவுதுன்னு நெனச்சுக்கிட்டாரு. அந்த ரெண்டு குட்டிங்களையும் நெனச்சுக்கிட்டாரு.

வியாழக்கிழமை மறுபடி ஓட்டினாரு. இப்ப ரெண்டு எட்டு தள்ளி மாத்தினா.

இறங்கி நேரா மேடத்துக்கிட்ட வந்தாரு. "ஞாயித்துக்கிழமை இவ ஓடக் கூடாது. கால் மாத்தறது தள்ளிப் போவுது, மேல உக்காந்தா தெரியுது."

மேடம் குந்தி உக்காந்து நாலு காலையும் மேலேருந்து கீழ வரைக்கும் நீவினாங்க. சூடு இல்ல. வீக்கம் இல்ல. சிமென்ட் தரையில நடக்க விட்டு, ஓட விட்டுப் பாத்தாங்க. நொண்டல் இல்ல. லாயத்து டாக்டரும் வந்து பாத்துட்டு நல்லா இருக்குன்னாரு. தீனித் தொட்டி துடைச்சு வெச்ச மாதிரி கிடந்துச்சு.

"ஓடட்டும் பாய். நல்லாத்தான் இருக்கா."

"ஓடக் கூடாதுங்கறேன்."

"இங்க கத்துக்கிட்டதெல்லாம் என்ன சொல்லுது?"

"ஓடலாம்னு சொல்லுது."

"அப்புறம் என்ன?"

"நீங்க கத்துக் குடுக்காதது ஒண்ணு இருக்கு. அது கூடாதுங்குது."

மேடம் அவரை ஒரு தடவை பாத்தாங்க.

வெள்ளிக்கிழமை காலையில கஜேந்திரனே வந்துட்டாரு. விஷயம் காதுக்குப் போயிருந்துச்சு.

"என்னம்மா இது கூத்து? டாக்டர் நல்லா இருக்குன்னுட்டாரு. நீங்க நல்லா இருக்குன்னுட்டீங்க. இந்த ஆளுக்கு மட்டும் உக்கார்ற எடத்துல ஏதோ தெரிஞ்சுதாமே! அவர் பின்பக்கத்தைக் கேட்டுக்கிட்டா என் குதிரைய நிறுத்தணும்?"

லாயமே சிரிச்சுது. தஸ்தகீருக்குக் கண்ணு செவந்து போச்சு.

"ஆமா சார், அங்கதான் தெரிஞ்சுது. உங்களுக்கு அங்க சோபாதான் தெரியும்."

"பாய்"னாங்க மேடம்.

"நீங்க சும்மா இருங்க மேடம்! நான் சேணம் கட்ட மாட்டேன். இந்த ஆள் குட்டிங்களும் வேணாம், ஒண்ணும் வேணாம். கீழ நின்னு தடவிக்கிட்டே இருந்தா எப்படித் தெரியும்? நீங்களே ஏறிப் பாருங்க! ஏறிப் பாத்துட்டு அப்புறம் சொல்லுங்க எனக்கு!"

சிரிப்பு அப்படியே அடங்கிப் போச்சு.

பன்னெண்டு வருஷத்துக்கு முன்னால ஒரு குதிரை மேடத்தைத் தூக்கி எறிஞ்சுது. முதுகெலும்புல இன்னிக்கும் ரெண்டு ஸ்க்ரூ இருக்கு. இன்னொரு தடவை விழுந்தா நடக்க முடியாதுன்னு ஆஸ்பத்திரியில சொல்லித்தான் அனுப்பினாங்க. அது அங்க எல்லாருக்கும் தெரியும். தஸ்தகீருக்கும் தெரியும். சொன்ன வார்த்தைய முழுங்க முடியாம நின்னாரு.

மேடம் கைய நீட்டினாங்க. "உங்க ஹெல்மெட்டைக் குடுங்க பாய்."

"மேடம், நான் ஏதோ கோவத்துல..."

"குடுங்க."

ஒருத்தர் கால் தாங்கிக் குடுக்க, மேடம் ஏறினாங்க. மைதானத்துல மெதுவா நடக்க விட்டாங்க. அப்புறம் ஓட விட்டாங்க. வளைவுல வேகம் பிடிச்சா கனகாம்பரம். தஸ்தகீர் வேலிக் கம்பிய ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. வாய் என்னமோ ஓதிக்கிட்டே இருந்துச்சு. குதிரைக்கா மேடத்துக்கான்னு அவருக்கே தெரியல.

திரும்பி வந்து இறங்கறப்ப மேடம் மூஞ்சி வெளுத்துக் கிடந்துச்சு. ஒரு நிமிஷம் குதிரை கழுத்துல சாஞ்சுக்கிட்டாங்க.

"என்ன தெரிஞ்சுது?"ன்னாரு கஜேந்திரன்.

"எனக்கு ஒண்ணும் தெரியல சார்."

கஜேந்திரன் கையத் தட்டினாரு. "அவ்வளவுதான்! அப்ப ஞாயித்துக்கிழமை..."

"ஓடாது."

"என்னது?"

"ஞாயித்துக்கிழமை கனகாம்பரம் ஓடாது. இப்பவே ரேஸ் கிளப்புக்கு எழுதிக் குடுத்துடறேன்."

"ஒண்ணும் தெரியலன்னு நீங்களே சொன்னீங்களேம்மா!"

"எனக்குத் தெரியல. பாய்க்குத் தெரியுது."

"நான் ஓனர்!"

"என் லாயத்துலேருந்து ஓடாது சார்."

கஜேந்திரன் கத்தின கத்துல பக்கத்து லாயத்துக் குதிரைங்க எல்லாம் காதைத் தூக்கிச்சு. இனிமே உங்ககிட்ட எவன் குதிரை விடுவான்னு கேட்டாரு. விடாதவங்க விட வேணாம்னாங்க மேடம். சொல்லிட்டு நேராப் போய் எழுதிக் குடுத்துட்டாங்க.

ஞாயித்துக்கிழமை அந்த ரேஸ் நடந்துச்சு. போன மாசம் கனகாம்பரம் எட்டுக் குதிரை நீளத்துல தோக்கடிச்ச ஒரு குதிரை ஜெயிச்சுது. தஸ்தகீர் அதை லாயத்துல உக்காந்து, ஒலிபெருக்கியிலதான் கேட்டாரு.

திங்கக்கிழமை ரெண்டு டாக்டருங்க வந்தாங்க. கஜேந்திரன் கூட்டிட்டு வந்தவங்க. எக்ஸ்ரே எடுத்தாங்க, ஸ்கேன் எடுத்தாங்க. கால் சுத்தம். மயிரிழை கோடுகூட இல்லன்னாங்க. கண்ணுக்குத் தெரியாத அளவுல ஏதாவது இருக்கலாமான்னு தஸ்தகீர் கேட்டாரு. "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்"னு சொல்லிட்டுப் பெட்டிய மூடிட்டாங்க.

செவ்வாக்கிழமை வேன் வந்துச்சு. ரெண்டு வயசுக் குட்டிங்க ரெண்டும் வேற ட்ரெயினர்கிட்ட. கனகாம்பரம் பண்ணைக்கு. வேன் பலகையில அவ ஏறறப்ப தஸ்தகீர் காலையே பாத்துக்கிட்டு நின்னாரு. நாலு காலும் ஒண்ணு போலத்தான் ஏறுச்சு.

கஜேந்திரன் போறப்ப கார் ஜன்னலை இறக்கினாரு. "பாய், அடுத்த தடவை பின்பக்கம் பேசினா என்னைக் கூப்பிடாதீங்க."

தஸ்தகீர் கீழ கிடந்த தண்ணி வாளிய எடுத்து நிமித்தி வெச்சாரு.

மேடம் தூணைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. நாலு நாளா அவங்களால குனிய முடியல. தஸ்தகீரோட லைசென்ஸ் மனுவ நீட்டினாங்க. சிபாரிசுக் கையெழுத்துப் போட்டிருந்துச்சு.

"இது எதுக்கு?"ன்னாரு தஸ்தகீர். "உங்க கோப்பையையும் ஓனரையும் தொலைச்சேன். உங்க முதுகையும் கெடுத்தேன். திட்டுங்க மேடம். ஒரு வார்த்தையாவது திட்டுங்க."

"திட்டறதுக்கு என்ன இருக்கு?"

"நான் சொன்னது சரியா தப்பா? அதையாவது சொல்லுங்க!"

"தெரியாது."

"தெரியாமலா நிறுத்தினீங்க?"

"தெரியாமதான் நிறுத்தினேன்."

"எனக்குத் தெரியணும் மேடம்! ராத்திரி தூக்கம் வரல. அந்தக் கால்ல ஏதாவது இருந்துச்சா, இல்லையா? இதை எப்படித்தான் தெரிஞ்சுக்கறது?"

மேடம் மனுவ அவர் சட்டைப் பாக்கெட்டுல சொருகினாங்க.

"ஓட வெச்சிருந்தா தெரிஞ்சிருக்கும் பாய்."