இரண்டு வெட்டு

திருச்சியில் கோதை மேடம் நடத்தும் ஃபோட்டோ இருட்டறை வகுப்பின் சுவரில் ஒரே ஓர் ஆணிதான் உண்டு. மாணவர்கள் போடும் படங்களில் மேடத்துக்கு எது பிடிக்கிறதோ அது அந்த ஆணியில் தொங்கும். அதைவிட நல்லது வரும்வரை யாரும் அதைத் தொடக்கூடாது.

மூன்று மாதமாக அங்கே தொங்குவது ஷாகுல் எடுத்த படம். ஆற்றங்கரையில் காயும் வேட்டிகள். ஷாகுல் மருந்துக்கடை வைத்திருக்கிறார். வகுப்பில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

மாணிக்கவாசகம் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. தபால் துறையில் ஓய்வு பெற்றவர், மேடத்தைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அவர் படம் ஒருநாள்கூட அந்த ஆணி ஏறியதில்லை. வகுப்புக்குள் நுழையும்போதெல்லாம் அந்த வேட்டிகளைப் பார்த்து அவருக்கு வயிறு எரியும். வாய் மட்டும், "பிரமாதம் பாய்" என்று சொல்லும்.

யோசித்து யோசித்து, குறை தன்னிடம் இல்லை, நெகட்டிவைப் பெரிதாக்கிப் படம் போடும் வகுப்பு என்லார்ஜரில்தான் இருக்கிறது என்று அவர் கண்டுபிடித்தார். ஷாகுலும் அதே என்லார்ஜரில்தான் படம் போடுகிறார் என்பதை வசதியாக மறந்துவிட்டார்.

திண்டுக்கல்லில் ஒரு ஸ்டுடியோக்காரர் மூன்று பழைய என்லார்ஜர்களை விற்கப்போவதாகத் தகவல் வந்தது. மறுநாள் நாலு மணிக்குப் போய்ப் பார்க்கப்போவதாக ஷாகுல் சொன்னார். மாணிக்கவாசகம் மேடத்தைக் கூட்டிக்கொண்டு காலை பஸ்ஸிலேயே போய்விட்டார்.

"போட்டுப் பார்க்க நல்ல நெகட்டிவா ஒண்ணு கொண்டு வாங்க சார்" என்று மேடம் முந்தின நாளே சொல்லியிருந்தார்.

கொண்டு வந்திருந்தார். சட்டைப் பையில் இருந்தது. அது ஷாகுலுடையது. புதிதாகக் கழுவி வெட்டி வைத்திருந்த ஃபிலிமிலிருந்து கேட்காமல் எடுத்தது. மேடம் இன்னும் பார்க்காத படம், அதனால் தெரியாது என்று நினைத்தார்.

வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. எல்லார் ஃபிலிமும் ஒரே கொடியில் காய்வதால், கலந்துவிடாமலிருக்க ஒவ்வொருவரும் தங்கள் கேமராவின் உள்சட்டத்தில் அரத்தால் சின்னதாக வெட்டு போட்டிருப்பார்கள். எடுக்கிற ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் அந்த வெட்டு விழும். மாணிக்கவாசகத்துக்கு ஒன்று. ஷாகுலுக்கு இரண்டு. வகுப்பு என்லார்ஜரில் நெகட்டிவை வைக்கும் தட்டு ஓரங்களை மறைத்துவிடும் என்பதால் படம் போடும்போது யாரும் அதை நினைப்பதில்லை.

ஸ்டுடியோக்காரர் இருட்டறையைத் திறந்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

முதல் என்லார்ஜரின் தூணை மேடம் ஒரு விரலால் தள்ளினார். மேலே இருந்த விளக்குத் தலை நின்று நிதானமாக ஆடியது.

"வேணாம். ரோட்டுல லாரி போனாலே படம் கலங்கிடும்."

இரண்டாவதில் நெகட்டிவைப் போட்டு விளக்கைப் போட்டார்கள். நடுவில் வெளிச்சம், நாலு மூலையிலும் இருட்டு.

"இது சின்ன ஃபிலிமுக்கான லென்ஸ். நம்ம நூத்தியிருபது ஃபிலிமுக்குப் பத்தாது."

மூன்றாவது பெயிண்ட் உதிர்ந்து கிடந்தது. தூண் ஆடவில்லை. லென்ஸ் சுத்தமாக இருந்தது.

"தட்டுல கண்ணாடி இல்ல. ஃபிலிம் கொஞ்சம் வளையும், ஒவ்வொண்ணுக்கும் புதுசா ஃபோகஸ் வைக்கணும்" என்றபடி மேடம் குமிழைத் திருப்பினார்.

கீழே பலகையில் படம் தெளிந்தது. ஆற்று மணலில் சாய்ந்து கிடக்கும் சைக்கிள். நெகட்டிவ் என்பதால் வெயில் பட்ட மணல் கறுப்பாகவும் நிழல் வெள்ளையாகவும் விழுந்தன. மூலைகூட மங்கவில்லை.

"இதுதான் மேடம்" என்றார் மாணிக்கவாசகம். "பாருங்க, ஓரம் வரைக்கும் முழுசா வருது."

"ஆமா. யாரோ தட்டை அரத்தால தேய்ச்சுப் பெரிசாக்கியிருக்காங்க. எதையும் மறைக்காது."

மேடம் குனிந்து ஓரத்தைப் பார்த்தார். மணலின் கறுப்பு இரண்டு சின்னப் பற்களாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"ரெண்டு வெட்டு" என்றார்.

மாணிக்கவாசகம் விளக்கை அணைக்கக் கை நீட்டினார்.

"உங்களுக்கு எத்தனை சார்?"

"ஒண்ணு."

மேடம் தலை நிமிர்ந்தார்.

"மூணு மாசமா அவர் படம்தான் தொங்குது மேடம்" என்றார் மாணிக்கவாசகம். "அதே மெஷின், அதே பேப்பர், அதே மருந்து. என்னால தாங்க முடியல. அப்படி என்னதான் இருக்குன்னு பார்க்கணும்னு எடுத்தேன். அப்புறம்... நீங்கதானே நல்ல நெகட்டிவா கொண்டு வரச் சொன்னீங்க."

மேடம் நெகட்டிவை எடுத்து, ஊதி, உறையில் போட்டு அவர் கையில் கொடுத்தார்.

"நாலு மணிக்கு ஷாகுல் வருவார். நீங்களே கையில குடுத்துடுங்க."

"குடுத்தா எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்பாரே."

"கேட்பார்."

மாணிக்கவாசகம் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அவர் வந்தா இந்த மெஷினைத்தான் எடுப்பார் மேடம். நான் இப்பவே எனக்குன்னு சொல்லி வச்சுடட்டுமா?"

"உங்க படத்தை இதுல இன்னும் பார்க்கவே இல்லையே. பையில இருக்குமே, எடுங்க."

இருந்தது. எங்கே போனாலும் அவர் தோள்பையில் நெகட்டிவ் ஃபைல் இருக்கும். புரட்டிப் புரட்டி, தயங்கி, ஒன்றை எடுத்தார். மொட்டைமாடியில் குடை பிடித்துக்கொண்டு வத்தலுக்குக் காவல் இருக்கும் அவர் மனைவி. யாரிடமும் காட்டியதில்லை. அவரே தட்டில் வைத்தார். விளக்கைப் போட்டார்.

குடை கலங்கலாக விழுந்தது. மனைவியின் முகம் பிடிபடவில்லை. ஓரத்தில் ஒற்றை வெட்டுகூட மங்கலாகத்தான் தெரிந்தது.

"ஷாகுல் படம் மாதிரி இல்லையே மேடம்" என்றார். "அது எவ்வளவு தெளிவா விழுந்துச்சு."

மேடம் அவர் கையைப் பிடித்துக் குமிழின் மேல் வைத்தார்.

"மெஷின் இன்னும் ஷாகுல் படத்துக்கு வச்ச ஃபோகஸ்லயே நிக்குது சார். திருப்புங்க."