கரண்டிமூக்கு உள்ளான்

இது நான் நேரில் பார்த்ததல்ல. தபால் அலுவலகத்தில் வேலை பார்த்த கோதண்டம் சார் சொன்னது. அவர் சொன்ன அளவுக்கு மட்டும் எழுதுகிறேன்.

கடலோர ஏரி. தை மாத ஞாயிறு, காலை. பறவை பார்க்கும் குழு இரண்டாகப் பிரிந்து இரு கரைகளிலும் நடந்தது. கிழக்குக் கரையில் கோதண்டமும் அமலோற்பவமும் மட்டும். அவரைவிட இருபது வயது இளையவர் அமலோற்பவம். ஆனாலும் அந்த நடையில் அவர்தான் ஆசிரியர்.

"நாலு வருஷமா உங்க பின்னாடி நடக்கறேன் மேடம். கரண்டிமூக்கு உள்ளானை ஒரு தடவைகூடப் பார்க்கலை."

"ம்."

"அடுத்த மாசம் ரிட்டயர்டு. மகளோட நாக்பூர் போயிடுவேன். அங்கே ஏது கடல்?"

"ஆரஞ்சு நல்லா இருக்கும் சார்."

"கிண்டல் பண்ணாதீங்க."

அப்போது மேற்குக் கரையிலிருந்து போன் வந்தது. மூன்றாவது கம்பத்துக்கு இடப்பக்கம், சேற்றில், கொசு உள்ளான் கூட்டத்துக்குள் ஒன்று நிற்கிறதாம்.

அவர்களிடம் இருந்தது முக்காலியில் பொருத்திய ஒரே தொலைநோக்கி; அதை அமலோற்பவம் கம்பத்தின் பக்கம் திருப்பி வைத்தார். விலகி நின்றார்.

"தேடுங்க."

"இருநூறு இருக்கு மேடம். எல்லாம் ஒரே மாதிரி இருக்கு."

"மூக்கை மட்டும் பாருங்க."

கோதண்டம் ஒவ்வொரு மூக்காகப் பார்த்துக்கொண்டே போனார்.

"மேடம்!"

"கத்தாதீங்க. நுனி எப்படி இருக்கு?"

"தட்டையா. குழந்தைக்கு மருந்து கொடுக்கிற கரண்டி மாதிரி."

"எப்படி மேயுது?"

"சேத்துல மூக்கை வெச்சு, இப்படியும் அப்படியும்... வாசல் பெருக்கற மாதிரி."

அமலோற்பவம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"காலு?"

"கறுப்பு. நீங்களும் ஒரு தடவை பாருங்களேன்."

"கை பட்டு அசைஞ்சா மறுபடி தேடணும். நீங்க பாருங்க. அப்புறம் என்ன பண்ணுது?"

அப்புறம் ஒரு பருந்து தாழப் பறந்து வந்தது. கூட்டம் மொத்தமாக எழுந்து கடல் பக்கம் போனது.

கோதண்டத்துக்குக் கண்ணில் நீர். அவர் அமலோற்பவத்தைப் பார்த்துக் கைகூப்பினார். அமலோற்பவம் பறவைகள் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க நோட்டுல எழுதுங்க சார். தேதியும் போடுங்க."

"நீங்க எழுதலையா?"

"கண்ணால பார்த்ததைத்தான் எழுதணும். முதல் நாளே சொன்னேனே."

"அதுசரி. உங்களுக்கென்ன, எத்தனையோ தடவை பார்த்திருப்பீங்க."

அமலோற்பவம் தொலைநோக்கியை மடக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நடங்க சார். வெயில் ஏறுது."

நாக்பூரிலிருந்து போனில் இதைச் சொல்லும்போது, வாசல் பெருக்கற மாதிரி என்பதைக் கோதண்டம் சார் இரண்டு தடவை சொன்னார்.

சென்ற மாதம் அமலோற்பவம் மேடத்தின் நோட்டைக் கணினியில் ஏற்றும் வேலை எனக்குக் கிடைத்தது. பன்னிரண்டு வருடங்களில் அவர் பார்த்த பறவைகள் எல்லாம் அதில் இருக்கின்றன. இருநூற்று நாற்பத்தேழு பெயர்கள்.

மூன்று முறை தேடினேன். கரண்டிமூக்கு உள்ளான் இல்லை.