மெத்தைக் கடையின் முதல் பக்கம்

கோணலூரில் அறிவுக்குப் பஞ்சமே கிடையாது. யாரும் அதை எடுத்துச் செலவழிப்பதில்லை, அவ்வளவுதான்.

அங்கே மாசிலாமணியும் அவர் தம்பிகள் எட்டியப்பனும் குருந்தையாவும் இலவம்பஞ்சு மெத்தைக் கடை வைத்திருந்தார்கள். ஐப்பசி மழை நெருங்கிவிட்டது. கடை நிறைய மெத்தை. ஈரம் ஏறினால் பஞ்சு பாழ். மாசிலாமணிக்குத் தூக்கமே போய்விட்டது. இணையத்தில் விற்றுவிடலாம் என்று, மதுரையில் வெப்சைட் செய்து தரும் நஸ்ரினைப் பிடித்தார்.

"கடை முகப்பு மாதிரிதான்ணே முதல் பக்கமும். பார்த்ததுமே மெத்தை தெரியணும். நல்ல போட்டோ ஒண்ணு அனுப்புங்க" என்றாள் நஸ்ரின்.

அனுப்பினார்கள். மறுபடி போன் வந்தது. "படம் ரொம்ப கனமா இருக்குண்ணே. பக்கம் திறக்கவே நேரமாகுது. எடையைக் குறைச்சு அனுப்புங்க."

"ரெட்டைக் கட்டில் மெத்தையாச்சே, கனக்காம என்ன செய்யும்?" என்றார் எட்டியப்பன்.

"பாவம், அந்தப் பொண்ணு ஒத்தை ஆளாத் தூக்கணுமே" என்று உச்சுக்கொட்டினார் குருந்தையா.

பஞ்சு முழுவதையும் உருவிவிட்டு, வெறும் உறையைக் கொடியில் போட்டுப் படமெடுத்து அனுப்பினார்கள்.

"இது என்னண்ணே?"

"மெத்தைதாம்மா. நீ கேட்ட எடையில."

நஸ்ரின் அந்த உறைப் படத்தையே முதல் பக்கத்தில் ஏற்றினாள். பிறகு, "சரிண்ணே. படத்துக்குக் கீழே 'வாங்க'ன்னு பெருசா ஒரு பட்டன் வைக்கிறேன்" என்றாள்.

மாசிலாமணிக்கு மனசு கேட்கவில்லை. "வெறுமனே 'வாங்க'ன்னா மரியாதையா இருக்காதும்மா. 'வாங்க, உக்காருங்க, சாப்பிட்டுப் போங்க'ன்னு போடு."

அப்படியே போட்டாள்.

வெப்சைட் திறந்த அன்று மூவரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். பக்கத்தின் மூலையில், 'இப்போது பார்ப்பவர்: ஒருவர்' என்று வந்தது.

மாசிலாமணி எழுந்து நின்றுவிட்டார். "வாங்கய்யா, எந்த ஊரு?"

மூலையில் 'ஒருவர்' அப்படியே இருந்தது.

"கூச்ச சுபாவம்" என்றார் எட்டியப்பன்.

பொழுது சாய்ந்து கம்ப்யூட்டரை அணைக்கும்வரை அவர் போகவில்லை. மறுநாள் காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால், அதற்குள் வந்து காத்திருந்தார். மழையும் பிடித்துக்கொண்டது. தெருவில் ஈ காக்கை இல்லை. அன்றைக்கும் வந்திருந்தார்.

மாசிலாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. "மெத்தை கிடக்கட்டும்டா. லீவு கேக்கலை, எதிர்த்து ஒரு வார்த்தை பேசலை. இப்படி ஒரு மனுஷன் எங்கே கிடைப்பான்?"

மூவரும் கலந்து பேசி அவரையே மேனேஜராகப் போட்டார்கள். கம்ப்யூட்டரைத் தூக்கிக் கல்லாவில் வைத்து மாலையும் போட்டாயிற்று.

தீபாவளிக்கு அவருக்கும் சட்டை எடுக்க வேண்டுமே? எட்டியப்பன் டேப்பைக் கொண்டுவந்து கம்ப்யூட்டரைச் சுற்றிப் பிடித்தார். மேலே அளந்தார், கீழே அளந்தார், பின்பக்கம் போய் வெகுநேரம் பார்த்தார்.

"தையல்காரன்கிட்ட காலர் வேண்டாம்னு சொல்லிருங்கண்ணே" என்றார். "கழுத்து இல்லை."